ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முன்னால்

புதிதாகப் பணிக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பொறுமையைப் பற்றி எழுதினால் பிரயோசனமாக இருக்கும் என்றார்கள். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார்கள். இராமநாதபுரத்தில் ஐஸ் கம்பெனி லாரிகளைப் பழுது பார்க்கும் இந்தப் பணிமனையில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு, இடுப்பு வலி என்று சொல்லி விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். இடுப்பு வலி உண்மைதான். அதைவிடப் பெரிய வலி, ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டும் கேட்டதற்குப் பதில் வராதது. வீட்டில் உட்கார்ந்தால் அந்தத் தொல்லை விட்டுவிடும் என்று நினைத்தேன். செல்போன் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

ஆகவே பொறுமை வேண்டாம். போன மாசி மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் என் மகள் கார்த்திகா இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள். இன்று காலையில்கூட தோசை முறுகவில்லை என்று அவள் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. எங்காவது ஒரு லாரி செல்ஃப் அடிக்கும் சத்தம் கேட்டால் என் வலது கைக் கட்டைவிரல் தானாக எதையோ பிடித்து அழுத்துகிறது. டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக்கூட அப்படி அழுத்தியிருக்கிறேன்.

கார்த்திகா மீன்வளம் படித்தவள். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில், நண்டும் கணவாயும் வாங்கும் கம்பெனி ஒன்றில் அப்போதுதான் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தாள். கரையில் நின்று தரம் பார்த்து, எடை போட்டு, ஐஸ் அடித்து, லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அன்று அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பில் போகும் முதல் லோடு. லோடு கெட்டால் வேலை நிலைக்காது என்று முதல் நாள் இரவெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் நேரத்தில் போன் வந்தது.

“அய்யா, வண்டி சுத்துது, எடுக்க மாட்டேங்குது.”

செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. நான் என்ன கேட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“சுத்தும்போது பின்னால புகை வருதா?”

“ஐஸ் கரையுதுய்யா.”

“புகை வருதாம்மா?”

“சூசையண்ணன் ஃபில்டரு அடைச்சிருக்குங்குறாரு.”

“அவரு சொல்றது இருக்கட்டும். நீ வண்டிக்குப் பின்னால போயி பாரு. புகை வருதா?”

யாரோ போனைப் பிடுங்கினார்கள். டிரைவர் சூசைதான். எங்கள் பணிமனைக்குப் பல வருடம் வண்டி கொண்டுவந்தவர். “அண்ணே, டீசல் பைப்புல காத்து நிக்கிது, ஏர் லாக்குண்ணே. நா அடிச்சுச் சொல்றேன்.”

“சூசை, புகை வருதா?”

“அதெல்லாம் நல்ல வண்டிண்ணே. புகையே விடாது.”

நல்ல வண்டியாம். கார்த்திகாவைவிட வயது மூத்த, மூக்கு நீண்ட பழைய லாரி அது. அந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. சுற்றுகிற டீசல் எஞ்சின் வெள்ளைப் புகை விட்டால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் டீசல் போகவேயில்லை. இந்த ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்ப்பதற்கு ஸ்பானர் வேண்டாம், படிப்பு வேண்டாம், கண் போதும். ஆனால் ஒரு வண்டி நின்றுவிட்டால் அத்தனை பேரும் முன்னால் போய் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள்.

“நான் வாரேன். வர்ற வரைக்கும் யாரும் செல்ஃப் அடிக்கக்கூடாது” என்றேன்.

“சரிண்ணே” என்றார் சூசை. அந்தச் சரிக்குப் பின்னாலேயே செல்ஃப் அடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி முனக ஆரம்பித்திருந்தது. ஃபில்டரைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். பைப்பை லூஸ் செய்து காற்றெடுத்திருந்தார்கள். மணலில் டீசல் ஊறிக் கிடந்தது. லாரி, தார் ரோட்டுக்குப் போகும் வழியில், மணலில் முன் சக்கரம் லேசாகப் புதைந்து நின்றது. சுற்றிலும் கூட்டம். ஆளுக்கு ஒரு நோய் சொன்னார்கள். ஒருவன் நாசில் என்றான். ஒருவன் டீசலில் தண்ணீர் என்றான். போன வருடம் தன் மச்சான் டிராக்டருக்கு வந்தது இதே கோளாறுதான் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த டிராக்டர் கடைசியில் எப்படிச் சரியானது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

மீன்கூடைக்காரம்மா ஒருத்தி என்னைப் பார்த்ததும் சத்தமாகச் சொன்னாள்: “வந்துட்டாரு டாக்டரு. பொணத்த இன்னும் எடுக்கல, வந்து பாருங்க.”

கார்த்திகா சிரிக்கவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் துப்பட்டா முனை. போனில் கம்பெனிக்காரரிடம், “இந்தா கெளம்பிருச்சு சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிகளின் இடுக்கில் இருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கரையில் படகு இழுக்கும் ஆட்களுக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் சவேரி. அகன்ற மார்பு, அதைவிட அகன்ற குரல். அவர் குரல் கொடுத்தால்தான் அங்கே படகு நகரும். “ஏலே, தள்ளி நில்லுங்கடா. போர்மேன் பாக்கட்டும்” என்று கூட்டத்தை விலக்கினார். நன்றி சொல்லலாம் என்று திரும்புவதற்குள் மிச்சத்தையும் சொன்னார்: “அவரு பாத்து முடிச்ச பெறகு நாம தள்ளிக்கிருவம்.”

நான் போர்மேன் ஆவதற்கு முன்னால் எனக்கு மேல் ஒரு போர்மேன் இருந்தார். வாயைத் திறந்தால் திட்டுதான் வரும். ஆனால் எந்த எஞ்சினையும் தொடுவதற்கு முன்னால் வண்டியை முழுசாக ஒரு சுற்று சுற்றி வருவார். யார் எங்கே நிற்கிறார்கள், அடியில் யாராவது இருக்கிறார்களா, சக்கரத்துக்குக் கல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிரதட்சணம் ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அன்றும் சுற்றினேன். அடியில் யாருமில்லை. முன்னால் யாருமில்லை. கியர் நியூட்ரல். சூசையை ஒரு தடவை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். புகை ஒரு இழைகூட இல்லை. ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இதைப் போனிலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் பைக்கை எடுத்திருக்கவே வேண்டாம், போனிலேயே முடித்திருப்பேன்.

டேங்கில் டீசல் இருக்கிறது. ஃபில்டர்வரை வருகிறது. அதற்கு மேல் போகவில்லை. பழைய டீசல் வண்டியை நிறுத்த டிரைவர் பக்கத்தில் குமிழ் மாதிரி ஒரு நாப் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கேபிள், எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் இருக்கும் சின்ன லிவரை இழுத்து டீசலை நிறுத்தும். நாப்பை உள்ளே தள்ளினால் லிவரை ஒரு ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். எங்கள் பக்கம் உப்புக் காற்றில் அந்தக் கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி இறுகிவிடும். டிரைவர் நாப்பைத் தள்ளியிருப்பார், அதுவும் உள்ளே போயிருக்கும். லிவர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, இடது மட்கார்டில் ஏறி, திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நான் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் எதையும் தொடவில்லைதான். அவர்கள் லாரியைத் தள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் அது தொடுவதில் சேராது. போர்மேன் பார்த்துவிட்டார், பேட்டரி செத்துவிட்டது, இனி தள்ளினால்தான் உண்டு என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பேட்டரி செத்த வண்டியைத் தள்ளி, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடிக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. சூசையும் வண்டியில் ஏறி இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டார்.

வண்டி என் காலடியில் அசைந்தது.

“ஏலேலோ!” என்றது சவேரியின் குரல் பின்னால்.

“ஐலசா!” என்றது கூட்டம்.

அந்த நேரம் என் கட்டைவிரல் லிவரைத் தொட்டுவிட்டது. நினைத்தது சரி. லிவர் நிறுத்தும் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், டீசல் போய்விடும், எஞ்சின் பிடித்துவிடும். அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்குக்கு வரும் சந்தோஷம் உங்களுக்கும் ஒருநாள் வரும். எனக்கும் வந்தது. அரை நொடி இருந்தது. அதற்குள் பானெட்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருந்த சந்து வழியாகக் கீழே ஒரு நீலத் துப்பட்டாவைப் பார்த்தேன்.

கார்த்திகா வண்டிக்கு முன்னால் குனிந்து, முன் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கரையில் படகை மேலே ஏற்றுவது எப்படி என்று பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பின்னால் ஆட்கள் தள்ளுவார்கள். படகின் அடியில் பலகை இருக்கும். படகு அதைக் கடந்ததும், பின்னால் கிடக்கும் பலகையை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிப்போய் முன்னால் போடுவார். அவர் படகின் மூக்குக்கு நேர் கீழே குனிந்திருப்பார். அதில் ஆபத்து கிடையாது. படகு, தள்ளுகிறவர்கள் மூச்சுக்கு ஒரு முழம் நகரும். பாட்டு நின்றால் படகும் நிற்கும். குழந்தைப் பருவத்தில் இருந்து அவர்கள் செய்வது அது. மணலில் புதைந்த லாரியைத் தள்ள வேண்டும் என்றதும் யோசிக்காமல் அதையே செய்தார்கள். பலகை போட வேகமான ஆள் தேவைப்பட்டிருக்கிறது. தன் லோடு, தன் அவசரம் என்று என் மகளே ஓடியிருக்கிறாள். பானெட் தூக்கியிருந்ததால் சூசைக்கு முன்னால் எதுவும் தெரியாது.

“நிறுத்துங்கடா!” என்று கத்தினேன்.

“ஐலசா!” என்றார்கள்.

“பாப்பா! விலகு!”

“ஐலசா!”

பாட்டுக்கு நடுவே எவன் எதைக் கத்தினாலும் அதுவும் பாட்டில் சேர்ந்துவிடும். வேகம் கூடியது. பலகை, மணல், பலகை. ஒவ்வொரு பலகையிலும் வண்டி குலுங்கியது. அந்தக் குலுக்கலில் துருப்பிடித்த கேபிள் இளகியது. என் விரலுக்கு அடியில் லிவர், டீசல் விடும் பக்கமாக மெல்ல நகர ஆரம்பித்தது. மூன்று மணி நேரமாக அத்தனை பேர் கெஞ்சியும் அசையாத லிவர்.

பழைய டீசல் எஞ்சினுக்குச் சாவி ஒரு மரியாதைக்குத்தான். டீசல் கிடைத்து, யாராவது சுற்றியும் விட்டால், சாவி யார் பையில் இருந்தாலும் ஓடும். சூசை எந்த நேரத்திலும் கிளட்சை விடுவார். எஞ்சின் பிடித்தால் வண்டி கியரில் ஒரே பாய்ச்சல் பாயும். வண்டிக்கு நேர் முன்னால் அவள் இருந்தாள்.

குதித்துப் போய் அவளை இழுக்கலாமா என்று தோன்றியது. குதித்தால் லிவர் நகர்ந்துவிடும். சூசையின் ஜன்னல் மறுபக்கம். யோசித்தேன் என்று எழுதுவதுகூடப் பொய், யோசிக்க இடமில்லை. எந்த வண்டியை ஓடவைக்க வந்தேனோ அதை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டேன். லிவரை நிறுத்தும் பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினேன். பலமான ஸ்பிரிங் இல்லை, உங்களில் யாரும் ஒரு விரலால் பிடிக்கலாம். ஆனால் விரலில் டீசல், லிவரில் ஆயில், காலடியில் குலுங்கும் மட்கார்டு. வழுக்கியது. நகத்தைக் கொடுத்து அழுத்தினேன்.

சூசை கிளட்சை விட்டார்.

டீசல் இல்லாத எஞ்சினைக் கியரில் சுற்றினால் அது பிரேக் மாதிரி பிடிக்கும். வண்டி நெஞ்சில் குத்து வாங்கியது போல் அதிர்ந்து நின்றது. தள்ளியவர்கள் பின் கதவில் மோதினார்கள். பெட்டிகள் சரிந்தன. என் தாடை பானெட் விளிம்பில் இடித்தது. சக்கரம், அவள் கடைசியாகப் போட்ட பலகையின் மேல் ஏறி நின்றது. அவள் இன்னும் அந்தப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, எவன்டா பிரேக்கு போட்டது?” என்று சவேரி கத்தினார்.

“நா போடலப்பா! அதுவாப் போட்டுக்கிருச்சு!” என்றார் சூசை.

“வர்ற நேரத்துல கெடுத்துப்புட்டாரு டாக்டரு” என்றாள் கூடைக்காரம்மா.

“சூசை, கியரை எடு” என்றேன். மறுபடி சொன்னேன். அவர் எடுத்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் விரலை எடுத்தேன். இறங்கிப் போய் கார்த்திகாவின் கையைப் பிடித்து, வண்டியின் முன்னால் இருந்து இழுத்துக்கொண்டு நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. ஈரமணல் வந்துவிட்டது.

“அய்யா, கைய விடுங்க. வலிக்குது. எல்லாரும் பாக்குறாக.”

“எதுக்கு முன்னால போன?”

“பலகை போட ஆளு வேணாமா?”

“அது லாரிம்மா!”

“அதான் ஸ்டார்ட்டே ஆகலையே. அப்பறம் என்னய்யா பயம்?”

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். அவளை அடிக்கக் கை எழுந்தது. இதுவரை அவளை அடித்ததில்லை. கையை இறக்கிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சவேரி வேறு பின்னாலேயே வந்தார். “ஏன் புள்ளைய வையிறீக? பலகை நல்லாத்தான போட்டுச்சு.”

“சவேரி, எல்லாரையும் பக்கவாட்டுல நிக்கச் சொல்லுங்க. முன்னாலயும் நிக்கக்கூடாது, பின்னாலயும் நிக்கக்கூடாது. நாலு சக்கரத்துக்கும் கல்லு போடுங்க.” என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மறுபேச்சு இல்லாமல் செய்தார்.

இன்னொரு வண்டியில் இருந்து பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினோம். நான் மறுபடி ஒரு சுற்று சுற்றினேன். இந்த முறை கியரை என் கையாலேயே ஆட்டிப் பார்த்தேன். பாதியில் மறுபடி சிக்கி நின்ற கேபிளைப் பம்பில் இருந்து கழற்றிவிட்டேன். லிவர் டக்கென்று தன் இடத்துக்குப் போனது. சவேரியைப் பக்கத்தில் கூப்பிட்டு அதைக் காட்டினேன். “இம்புட்டுத்தானா?” என்றார்.

“அடி சூசை” என்றேன்.

செல்ஃப் ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றியிருக்காது. எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. கரும்புகை கரை முழுக்கப் போனது. கூட்டம் விசில் அடித்தது. சூசை ஜன்னலில் இருந்து தலையை நீட்டி, “நாந்தான் சொன்னேன்ல, ஏர் லாக்கு” என்றார். இதற்கெல்லாம் நான் பதில் சொல்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

சவேரி மட்டும் விசில் அடிக்கவில்லை. நியூட்ரலில் நின்றபடியே அதிர்ந்துகொண்டிருந்த லாரியின் மூக்கைப் பார்த்தார். கீழே கிடந்த பலகையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, “அப்பம்... இது கியர்ல கெடந்தப்பவே பிடிச்சிருந்தா?” என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பலகைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தோளில் சுமந்துகொண்டு போய்ப் படகுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். கார்த்திகா அதைக் கவனிக்கவில்லை. சரிந்த பெட்டிகளை அடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். லோடு கிளம்பியது. கெடாமல் போய்ச் சேர்ந்தது. வேலையும் நிலைத்தது. அன்று மாலை வீட்டில் அவள் அம்மாவிடம், “அய்யா அத்தன பேருக்கு முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டாரு” என்று சொன்னாள். நான் தாடையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் செத்த வண்டி என்று நினைக்காதீர்கள். நீங்கள் அங்கே போவதே அதைப் பிடிக்கவைக்கத்தான். எந்த நொடியில் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியாது; எப்போது பிடித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஒரு சுற்று போதாது. நீங்கள் குனிந்திருக்கும் நேரத்தில் ஊரே இடம் மாறிவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவி செய்கிறவர்கள். உதவி செய்கிறவர்களைப்போல என்னைப் பயமுறுத்துகிறவர்கள் வேறு யாருமில்லை. கோளாறு தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் விரல் தானாகத் தட்டப் பார்க்கும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தால் போதும், மற்றதை வேலை கற்றுத் தரும்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. அதே கரை, அதே லாரி.

“அய்யா, வண்டி சுத்துது, எடுக்க மாட்டேங்குது.” அவளே தொடர்ந்தாள்: “நீங்க கேக்குறதுக்கு முன்னால சொல்லிர்றேன். பின்னால போயிப் பாத்துட்டேன். புகை வரல.”

இத்தனை வருட வேலையில், கேட்காமலே எனக்குப் பதில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

“அது கெடக்கட்டும்” என்றேன். “நீ எங்கன நிக்கிற?”